கோது பார்க்கப் பழகிய காலம்

2018 ஆவணியில் நான் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். அதே வருசம் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற என் தாய்மாமா, மான் வேட்டைக்கான ரவைகளை, அதாவது துவக்குத் தோட்டாக்களை, தானே நிரப்பப் பழகத் தொடங்கினார். அங்கே உரிமம் உள்ளவர்கள் சுட்டு முடிந்த ரவையின் பித்தளை உறைகளை, அதாவது கோதுகளை, பொறுக்கி, கழுவி, அடியில் பற்ற வைக்கிற புதுப் பிறைமரும் உள்ளே மருந்தும் வாயில் பறந்து போகிற சன்னமும் வைத்துத் திரும்பப் பாவிப்பார்கள். மாமா நிலக்கீழ் அறையில் மேசை போட்டுக் கோது பார்த்தார். நான் யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில், நாகர்கோவில் மணலில் முழங்காலில் இருந்து கோது பார்த்தேன். இரண்டு பேரும் புதிதாகத் தொடங்கியவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் கதைப்போம். அந்தக் கதைகளில் பாதி கோதைப் பற்றித்தான்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்களில் இப்போதும் வளவு கொத்தும்போது, வேலிக்குக் குழி போடும்போது, கிணறு இறைக்கும்போது கோது வருகிறது. "வெறுங்கோதுதானே" என்று சனம் கையில் எடுக்கிறது. வெறுங்கோதா இல்லையா என்று சொல்ல எனக்கே மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது.

2000 சித்திரையில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த பிறகு, இராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடுவே கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று குடாநாட்டின் கழுத்தை அறுத்த மாதிரி ஒரு முன்னரங்கக் கோடு வந்தது. 2009 தை வரைக்கும் அது அங்கேயேதான் கிடந்தது. இரண்டு பக்கமும் மிதிவெடி புதைத்தன, இரண்டு பக்கமும் சுட்டன. அப்படிச் சுட்ட இடத்தில் டிடெக்டரைப் பிடித்தால் அது வாய் மூடாது. முதல் மாதம் முழுக்க நான் ஒரு மிதிவெடியும் காணவில்லை. கண்டதெல்லாம் கோது, ஆணி, முட்கம்பித் துண்டு, மீன்ரின் மூடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் மிதிவெடி என்று நினைத்தே மண்ணை விலக்க வேண்டும். பெரிய றேக்கால் மணலை இளக்கி, சின்ன றேக்கால் மெல்ல இழுத்து, பிறகு தூரிகை. முகத்தை மூடுகிற வைசருக்குள்ளே வியர்வை ஆவியாகிக் கண்ணை மறைக்கும். இவ்வளவும் செய்து முடிக்க ஒரு 7.62 மில்லிமீற்றர் துவக்குக் கோது பல்லைக் காட்டும்போது மனம் சலிக்கும். அந்தச் சலிப்புத்தான் ஆபத்து என்று பிறகுதான் விளங்கியது.

என் பிழையைச் சொல்கிறேன். இரண்டாவது மாதம். மணலுக்குள் ஒரு கோது குறுக்காகக் கிடந்தது. வாய்ப் பக்கத்தில் சன்னம் இல்லை, மண் அடைத்திருந்தது. சன்னம் இல்லையென்றால் சுட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு வாளிக்குள் போட்டேன். வேலை முடிந்ததும் வாளியை ஒரு படங்கில் கொட்டி, பொறுப்பாளர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அன்றைக்கு அவர் ஒன்றைத் தொடாமல் நின்றார்.

"தங்கச்சி, இதை ஆர் எடுத்தது?"

"நான்தான் அண்ணா."

"இதின்ர அடியைப் பாத்தனீரா?"

பார்க்கவில்லை. அடியில், நடுவில் இருக்கிற சின்னத் தொப்பி, பிறைமர், மழமழவென்று முழுதாக இருந்தது. ஊசி குத்திய குழி இல்லை. எந்தத் துவக்கும் அதை அடிக்கவே இல்லை. சன்னம் எப்படியோ கழன்றோ முறிந்தோ போயிருக்கிறது. உள்ளே மண்ணோடு மண்ணாக மருந்தும் இருந்தது, அடியில் உயிருள்ள பிறைமரும் இருந்தது. அதை நான் மற்ற இரும்புகளுக்கு மேலே கலகலவென்று போட்டிருந்தேன். அவர் என்னை ஏசவில்லை. மற்ற எல்லோரையும் கூப்பிட்டு, அதைச் சுற்றி நிற்க வைத்து, "முதல் அடியைப் பாருங்கோ, பிறகுதான் வாய்" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த ஞாயிறு மாமாவுக்குச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளை, நான் இஞ்ச முதல் பாக்கிறது வாய். நீ முதல் பாக்கவேண்டியது அடி" என்றார். அந்த வசனத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். மாமாவின் கேள்வி, இந்தக் கோது இன்னொருக்கா வெடியைத் தாங்குமா என்பது. என் கேள்வி, இது ஒருக்கா வெடித்துவிட்டதா என்பது. பொருள் ஒன்றுதான், கேள்வி வேறு. அதனால் பார்க்கிற ஒழுங்கும் வேறு.

குழியின் ஆழமும் முக்கியம். சுட்ட கோதில் குழி வட்டமாக, நடுவில், நல்ல ஆழமாக இருக்கும். சிலதில் மெல்லியதாக ஒரு புள்ளி மட்டும் இருக்கும், சன்னமும் இடத்தில் இருக்கும். அது அடித்தும் வெடிக்காத ரவை. குழி இருக்கிறது என்பதற்காக அதைச் செத்ததாக எடுக்கக் கூடாது. குழியும் வேண்டும், வாயும் திறந்து வெறுமையாக இருக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று ஐமிச்சமானாலும் கையை எடுத்துவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுவோம். உயிருள்ள ரவைகள் தனிப் பெட்டிக்குப் போகும், பிறகு மொத்தமாக அழிக்கப்படும்.

எரிந்த ரவை இன்னொரு வகை. பற்றைக்கு நெருப்பு வைத்த இடத்தில் கோதின் வயிறு வாழைப்பூ மடல் மாதிரிப் பிளந்து கிடக்கும். பிறைமர் கழன்று போயிருக்கும் அல்லது குத்துப்படாமல் வெளியே தள்ளி நிற்கும். துவக்கின் குழலுக்குள் இருந்தால் உருக்குச் சுவர் கோதைச் சுற்றிப் பிடித்திருக்கும். வெளியே அப்படி ஒன்றும் இல்லாததால் பித்தளைதான் கிழிகிறது. கிழிந்த பித்தளையும் பிறைமரும் பறக்கும். கண்ணுக்கு அது போதும். மீளக் குடியேறுகிற சனம் முதல் செய்கிற வேலை வளவைத் துப்புரவாக்கிக் குப்பையைக் குவித்து எரிப்பது. துப்புரவு முடிந்தது என்று கையளிக்கப்படாத காணியில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கீழே இருப்பது ரவை மட்டும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நிறத்தைப் பற்றி நிறையப் பேர் பிழையாக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கழுத்தில் நீலமும் மண்ணிறமும் கலந்து கறை படிந்திருந்தால் அது சுட்ட புகை என்று எண்ணினேன். இல்லை. இராணுவத்துக்கான பித்தளை ரவைகளில், தொழிற்சாலையிலேயே கழுத்தைச் சூடாக்கி இளக வைப்பார்கள், அந்தச் சூட்டின் நிறம் அப்படியே விடப்படும். சுடாத புது ரவையிலும் அது இருக்கும். மாமா ஒரு பெட்டியைக் கமராவுக்கு முன் பிடித்துக் காட்டினபோதுதான் நம்பினேன். சுட்ட கரி கழுத்தின் வெளியே கொஞ்சம் கறுப்பாக ஒட்டும், உள்ளே நிறைய இருக்கும், ஆனால் பதினைந்து வருசம் மணலுக்குள் கிடந்த கோதில் அது கழுவுப்பட்டுப் போயிருக்கும். நிறத்தை வைத்து முடிவெடுக்க முடியாது.

எங்களிடம் கிடைக்கிறதில் பெரும்பகுதி பித்தளையும் இல்லை. ரி-56 துவக்கு இரண்டு பக்கத்திடமும் இருந்தது. அதின் ரவைக் கோது அனேகமாகச் செம்பு முலாம் பூசிய உருக்கு. கடற்காற்றில், உப்பு மணலில், அது துருப்பிடித்துப் பொருமி, தொட்டால் படைபடையாக உதிரும். அடியில் குழி இருக்கிறதா என்று பார்க்கவே முடியாத நிலையில் இருக்கும். அந்த நேரம் வாயையும் நீளத்தையும் பார்த்து ஒரு மதிப்புத்தான் சொல்லலாம், முடிவு பொறுப்பாளருடையது. கோது தனியே ஏறக்குறைய 39 மில்லிமீற்றர், சன்னத்தோடு 56. பெருவிரலும் சுட்டுவிரலும் அந்த நீளத்தைப் பழகிக்கொண்டன. பி.கே. இயந்திரத் துவக்கின் ரவைக்கு அடியில் விளிம்பு வெளியே நீட்டி நிற்கும், விளக்கின் பாதம் மாதிரி. 12.7 மில்லிமீற்றர் ரவையைப் பார்த்தால் ஒருவருக்கும் சந்தேகம் வராது, அது உள்ளங்கையை விட நீளம், நல்ல கனம். பித்தளை என்றால் துருப்பிடிக்காது, பச்சைக் களிம்பு கட்டும். களிம்பு மூடிய பிறைமரில் குழியைக் கண்டுபிடிக்கிறதும் கஷ்டந்தான், ஆனால் களிம்பைச் சுரண்டக் கூடாது. சுரண்டினால்தான் தெரியும் என்கிற நிலை வந்தாலே அது உங்கள் வேலை இல்லை.

மாமாவின் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பித்தளையின் குணத்தை நான் அவரிடந்தான் படித்தேன். கோதுக்குப் பாவிப்பது 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் (துத்தநாகம்) கலந்த பித்தளை. வெடிக்கும்போது அது விரிந்து குழலோடு ஒட்டி வாயுவை அடைக்கிறது. உடனே கொஞ்சம் சுருங்கி, கழன்று வர இடம் விடுகிறது. விரிந்து சுருங்குகிற ஒவ்வொரு தரமும் அது கொஞ்சம் களைக்கிறது. கழுத்து விறைத்துப் போய் நெடுகக் கீறும். கீறல் கண்ட கோது கழிவுதான், அதில் விவாதம் இல்லை.

அதைவிடப் பொல்லாதது அடிப்பக்கம். அடித்தட்டுக்குக் கொஞ்சம் மேலே, தடித்த சுவர் மெலிகிற இடத்தில், வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அந்த இடத்தில் உள்ளே சுவர் தேய்ந்து மெலிந்திருக்கலாம். இன்னொருக்கா சுட்டால் கோது இரண்டாகப் பிரிந்து, வாயு பின்பக்கமாக முகத்துக்கு வரும். வளையம் எல்லாம் தேய்வு அல்ல, விரிந்த கோதைத் திரும்ப அளவாக்கும் அச்சு உரசினாலும் கோடு விழும். வித்தியாசம் காண மாமா ஒரு கடதாசிக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சின்னதாக வளைத்துக் கூராக்கி, உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பார்ப்பார். பள்ளம் இருந்தால் நுனி தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லும் என்றார். முதல் முறை இருபது கோது பார்த்து ஏழைக் கழித்திருந்தார், அதில் இரண்டு இந்தப் பள்ளத்துக்காக. மீதி வாய்க் கீறலும், பிறைமர் பிடிமானம் இல்லாமல் தளர்ந்ததும், பிறைமரைச் சுற்றிக் கரி ஒழுகியதும். எத்தனை தரம் சுட்டது என்று பெட்டியில் எழுதாத கோதை இப்போது அவர் வாங்குவதே இல்லை.

அம்மா இந்தக் கதைகளைப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பா. ஒருநாள் மாமா கோதெல்லாம் சிவந்துபோய்விட்டது என்று கவலைப்பட்டார். சிட்ரிக் அமிலத் தண்ணியில் இரவு முழுக்க ஊற விட்டிருக்கிறார்.

"புளித்தண்ணியில குத்துவிளக்கை ஊற விடுவினமே தம்பி? தேச்சுப்போட்டு உடன கழுவவேணும். ஊறினா செம்பு பூக்கும்."

அம்மா சொன்னதுதான் சரி. புளிப்பு, நாகத்தை முதலில் கரைத்து எடுக்கிறது, மேலே செம்பு மிஞ்சுகிறது. கொஞ்ச நேரம் என்றால் மேற்பூச்சுப் பிரச்சினை, நெடுநேரம் என்றால் உலோகமே பலம் குறையும். நாற்பது வருசம் விளக்கு மினுக்கிய அனுபவம் அது. சந்தையில் மண்சட்டி வாங்கும்போது தட்டிச் சத்தம் பார்ப்பது மாதிரி, மாமா நாலைந்து கோதைக் கையில் போட்டுக் குலுக்கி, கணீரென்று இல்லாமல் மொத்தென்று கேட்டால் கீறல் இருக்கிறதோ என்று தேடுவார் என்று சொன்னபோது அம்மாவுக்கு நல்ல சந்தோசம். எனக்குப் பயம். அது மேசைக்கு ஏற்ற வழி. நிலத்தில் கிடைத்ததைத் தட்டவோ குலுக்கவோ கூடாது, சத்தம் எப்படி இருந்தாலும்.

அமோனியா கதையையும் சொல்ல வேண்டும். பித்தளையை மினுக்க அமோனியா கலந்த பொலிஷைக் கோதுக்குப் பாவிக்கக் கூடாது என்று மாமாவுக்குப் பழக்கியவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பிரிட்டிஷ்காரர் காலத்தில் இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ரவைகளின் கோதுகள் சுடாமலே தானாகக் கீறிப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா, இழுத்து நீட்டிச் செய்த பித்தளையின் உள்ளிறுக்கத்தோடு சேர்ந்து அதைப் பிளந்தது என்று 1921 இல் விளக்கினார்கள். இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று பொறி தட்டியது. நாங்கள் துப்புரவாக்கிய லேனில், அதாவது அளந்து ஒதுக்கிய கீற்று நிலத்தில், பழைய மாட்டுக்கொட்டில் இருந்த மூலையில், நெடுகக் கீறிய ரவைகள் சில வந்திருந்தன. சன்னம் இருந்தது, பிறைமரில் குத்து இல்லை, ஆனால் கழுத்து பிளந்திருந்தது. கீறல் என்றால் சுட்டது என்று நான் முன்பு வைத்திருந்த கணக்கும் அன்றைக்குப் போனது. கொட்டில்தான் காரணமா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் சுடாத கோதும் கீறும் என்பது நிச்சயம்.

இனி, கோது மாதிரி இருந்து கோது இல்லாதவை. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றாலும் சரி.

டெற்றனேற்றர், அதாவது பெரிய வெடியைத் தூண்டி வெடிக்க வைக்கிற சின்ன வெடி, பென்சிலை விட மெல்லிய அலுமினியக் குழாய் அல்லது செம்புக் குழாய். ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் திறந்து அல்லது வயரோடு இருக்கும். சின்னக் கோது என்று நினைத்துக் குச்சியால் உள்ளே கிண்டுகிற பிள்ளைக்கு விரல்கள் போகும், சில நேரம் கண்ணும். அதேபோல துவக்கால் ஏவுகிற 40 மில்லிமீற்றர் குண்டு. குட்டையான, தடித்த ரவை மாதிரித் தெரியும், சிலதுக்குப் பொன்னிறத் தலை. துவக்கு ரவையில் சன்னம் வெறும் உலோகம், இதிலோ பறந்து போகிற தலைதான் வெடிக்கிற பகுதி. சுட்டு விழுந்து வெடிக்காமல் கிடப்பது, சுடாததை விட மோசம், ஏனென்றால் அதின் பாதுகாப்புப் பூட்டு ஏற்கெனவே திறந்திருக்கும். எனக்கு ஒருமுறை தூரிகைக்கு அடியில் அந்தப் பொன்னிறம் மினுங்கியது. கோது என்று மனம் சொன்னது. பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். விசில் ஊதி எல்லோரையும் பின்னுக்கு எடுத்தார்கள். பின்னேரம் இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள்.

பழைய இரும்பு எடுக்கிறவர்கள் பித்தளைக்கு நல்ல விலை கொடுக்கிறார்கள், தெரியும். எங்கள் சனத்தின் கஷ்டமும் தெரியும். நானும் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கோது பொறுக்கி ஐஸ்பழம் வாங்கிய ஆள். ஆனால் உயிருள்ள ரவையை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். செத்தது எது, உயிருள்ளது எது என்று பிரிக்கிற வேலையை வீட்டு விறாந்தையில் செய்ய முடியாது. என்னிடம் வைசரும் கவச அங்கியும் பயிற்சியும், இரண்டாம் தரம் பார்க்க ஒரு பொறுப்பாளரும் இருந்தும் நான் பிழை விட்டேன்.

இலங்கை 2017 மார்கழியில், மிதிவெடியைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028 க்குள் மிதிவெடி இல்லாத நிலம் என்பது இலக்கு. கண்ணிவெடி அகற்றுகிற ஹலோ ட்ரஸ்ட் நிறுவனம் 2002 இலிருந்து இங்கே வேலை செய்கிறது, மற்ற நிறுவனங்களும் இருக்கின்றன, என்னைப் போல நிறையப் பெண்கள் அந்த மணலில் குந்தியிருந்து உழைத்திருக்கிறார்கள். ஆனால் துப்புரவாக்கிக் கையளித்த காணியிலும், ஆழத்தில் இருந்த ஒன்று உழவு மெசினோடு மேலே வரலாம். கோது வரத்தான் செய்யும்.

போன பங்குனியில் எங்கள் பக்கத்து வளவு ஐயா வேலிக்குக் கதியால் நட அலவாங்கு போட்டார். மூன்றாவது குழியில் பச்சையாக ஏதோ தெரிந்தது. அவர் என்னைத்தான் கூப்பிட்டார். "பிள்ளை, நீ உந்த வேலை செய்தனி, வந்து என்னெண்டு பார்." நான் போனேன், எட்டத்தில் நின்று பார்த்தேன். களிம்பு கட்டிய நாலு அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி மேல்நோக்கி இருந்தன. வாய் மண்ணுக்குள். எனக்குச் சொல்ல முடியவில்லை, அதைத்தான் ஐயாவிடமும் சொன்னேன். அலவாங்கை அப்படியே விட்டுவிட்டு, வந்த வழியிலேயே காலடி பார்த்துத் திரும்பினோம். ஒழுங்கைப் பக்கம் இரண்டு தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். ஆட்டுக்குட்டியை அவிழ்த்து மற்றப் பக்கம் கட்டினோம். கிராம அலுவலருக்கும் பொலிஸின் அவசர இலக்கமான 119 க்கும் அறிவித்தோம். பேரப்பிள்ளைகள் எட்டிப் பார்க்காமல் இருக்க ஐயா கதிரையைப் போட்டுப் படலையிலேயே இருந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் ஆட்கள் வந்தார்கள். மூன்று சுட்ட கோது. நாலாவது சுடாதது.

ஐயா பின்னேரம் மிச்சக் கதியாலை நட்டு முடித்தார், அந்தக் குழியை மட்டும் ஒரு முழம் தள்ளிப் போட்டு.